உவர் நெல்வேரின் கலத்துக்குள் பார்க்க எந்த ஒளிர்சாயம்?

பூநகரிப் பக்கத்து வயல்களில் மழை முந்தி நின்றுவிட்டால் உவர் மேலேறிவிடும். இலை நுனி கருகும், இடையிடையே திட்டுத்திட்டாகப் பயிர் வெளுக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ ஆய்வுத் தலைப்புத் தேடும்போது, உவரில் நெல்வேரின் கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பது இயல்பு. கேள்வி நல்லது. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. கலத்தைக் கொல்லாமல் உள்ளே இருக்கும் சோடியத்தை, அமிலத்தன்மையை, கல்சியத்தை, ஒட்சியேற்ற நிலையை ஒளியாகக் காட்டும் சாயங்கள் ஏராளமாக விற்பனைக்கு உண்டு. கையிலுள்ள காசுக்கு ஒன்றோ இரண்டோதான் வாங்கலாம். பலர் தாம் வாசித்த முதல் கட்டுரையில் கண்ட சாயத்தையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது அநேகமாக, ஒட்சியேற்ற நிலையைக் காட்டுவதாகச் சொல்லப்படும் டிசிஎப்எச்-டிஏ ஆக இருக்கும். முதலில் வாங்கக் கூடாதது அதுதான் என்பது எமது கணிப்பு. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கேரளத்துப் பொக்காலி நெல்லின் வழிவந்த, உவர் தாங்கும் ஏ.ரி. 354 என்ற நெல்லினம். மறுபக்கம் உவர் தாங்காத பி.ஜி. 352. நான்கு நாள் முளை, வேர் இரண்டு மூன்று சென்ரிமீற்றர். லீற்றருக்கு 5.84 கிராம் சோடியம் குளோரைட்டு, அதாவது 100 மில்லிமோலார், 24 மணி நேரம். இதன் மின்கடத்துதிறன் மீற்றருக்கு ஏறத்தாழ 10 டெசிசீமன்ஸ் வரும். நெல் 3ஐத் தாண்டும்போதே விளைச்சலில் அடிவாங்கத் தொடங்கும் பயிர், ஆகவே இது கடுமையான உவர். ஆய்வுகூடத் தரச் சோடியம் குளோரைட்டையே பாவியுங்கள். ஆனையிறவு உப்பு சோற்றுக்கு நல்லது, ஆனால் அதில் மக்னீசியமும் கல்சியமும் சேர்ந்து வரும். பிறகு எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது.

விளக்கையும் வடிகட்டியையும் முதலில் பாருங்கள்

சாயப் பட்டியலைத் திறக்குமுன் ஒளிர்வு நுணுக்குக்காட்டியின் பின்பக்கம் போய், வடிகட்டிக் கட்டைகளில் பொறித்திருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் இரண்டு கட்டைகள்தான் இருக்கும். ஒன்று நீலம்: 470 நனோமீற்றரை ஒட்டித் தூண்டி 525ஐ ஒட்டிப் பார்ப்பது. மற்றது பச்சை: 545ஐ ஒட்டித் தூண்டி 600ஐ ஒட்டிப் பார்ப்பது. இந்த இரண்டுக்குள் அடங்காத சாயம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. சோடியத்துக்கு நெடுங்காலமாகப் பாவிக்கப்படும் சாயமான எஸ்பிஎப்ஐயும், 1985இல் றொஜர் சியெனின் குழு வெளியிட்ட கல்சியச் சாயம் பூரா-2உம் இப்படித்தான் கழிகின்றன. இரண்டுக்கும் 340, 380 நனோமீற்றரில் மாறிமாறித் தூண்டும் விளக்கும், அந்தப் புறவூதாவை விழுங்காத வில்லைகளும் வேண்டும். சாதாரணக் கண்ணாடி வில்லை 340இல் ஒளியைப் பெரும்பாலும் தின்றுவிடும்.

விளக்கு எந்த வகை என்பதும் முடிவை மாற்றும். எல்ஈடி என்றால் நீலம் தாராளம். பழைய இரசவாவி விளக்கு என்றால் அதன் ஒளி 365, 405, 436, 546, 577 ஆகிய கோடுகளில் குவிந்திருக்கும், 470 – 490 பகுதியில் மெலிந்திருக்கும். நீலத்தில் தூண்டும் சாயம் இரசவாவி விளக்கில் மங்கலாகத் தெரிந்தால் சாயத்தைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் 436 கோடு ஒரு வகையில் அதிர்ஷ்டம், பிஎச் பகுதியில் அது கைகொடுக்கும். இரசவாவி விளக்கு கரண்ட் போய் அணைந்தால் முழுதாக ஆறும்வரை, அரை மணி நேரமாவது, திரும்ப ஏற்றக் கூடாது. பத்து நிமிட இடைவெளியில் படமெடுக்கும் பரிசோதனை அத்தோடு முடிந்தது. வன்னியில் அப்படியான வேலைக்கு ஒரு யுபிஎஸ், சாயத்தை விட முந்திய செலவு.

எந்தச் சாயமும் போடாத வேரையும் ஒரு தடவை பாருங்கள். நெல்வேரின் கலச்சுவரில் பெரூலிக் அமிலம் நிறைய உண்டு, அது புறவூதாவில் நீலமாக ஒளிரும். முதிர்ந்த பகுதியில் லிக்னின் பச்சையிலும் கசியும். நுனியிலிருந்து ஐந்து மில்லிமீற்றருக்குள் இந்தத் தொல்லை குறைவு. வேர்மயிர் இன்னும் நல்லது. அது ஒரே கலத் தடிப்பு, பின்னால் மங்கலாக ஒளிரும் வேறு கலங்கள் இல்லை. ஒரே தளத்தை மட்டும் பிரித்துக் காட்டும் கொன்போக்கல் நுணுக்குக்காட்டி இல்லாதவர்களுக்கு வேர்மயிர்தான் கொன்போக்கல்.

எப்டிஏ – பிஐ: மலிவு, ஆனால் தவிர்க்க முடியாதது

உவரில் வைத்த வேரில் ஒளி குறைந்தால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கலத்தின் உள்நிலை மாறியிருக்கலாம், அல்லது கலம் செத்திருக்கலாம். இதைப் பிரிக்காமல் மற்றச் சாயம் எதையும் வாசிக்க முடியாது. எப்டிஏ (புளோரசீன் டயசற்றேற்று) மென்சவ்வு கடந்து உள்ளே போய், எஸ்ரறேசு நொதியங்களால் வெட்டப்பட்டுப் பச்சையாக ஒளிரும், மென்சவ்வு ஒழுகாத கலத்தில்தான் தங்கும். பிஐ (புரோப்பிடியம் அயடைட்டு) மென்சவ்வு உடைந்த கலத்துக்குள் மட்டும் போய்க் கருவைச் சிவப்பாக்கும். உயிருள்ள வேரிலும் பிஐ கலச்சுவர்களை மெல்லிய சிவப்புக் கோடாகக் காட்டும். அதைச் சாவு என்று எண்ணிவிடக் கூடாது. உருண்டைச் சிவப்பு, அதாவது கரு, அதுதான் கணக்கு.

5 மில்லிகிராம் எப்டிஏயை 1 மில்லிலீற்றர் அசற்றோனில் கரைத்துக்கொள்ளுங்கள். இதில் 1 மைக்றோலீற்றரை 1 மில்லிலீற்றர் தாங்கற்கரைசலில் விட்டால் மில்லிலீற்றருக்கு 5 மைக்றோகிராம். பிஐயை நீரில் மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராமாக வைத்து, அதிலிருந்து 5 மைக்றோலீற்றர். ஐந்து நிமிடம் இருட்டில் வைத்து, இரண்டு தரம் கழுவிப் பத்து நிமிடத்துக்குள் பார்த்து முடியுங்கள். 32 பாகை அறையில் எப்டிஏயின் ஒளி கலத்திலிருந்து வேகமாக ஒழுகும். முதல் வேருக்கும் எட்டாவது வேருக்கும் இடையில் அரை மணி போனால், நீங்கள் அளந்தது உவரையல்ல, மணிக்கூட்டை. ஆகவே ஒரே தடவையில் இரண்டு வேருக்கு மேல் சாயமிட வேண்டாம். அசற்றோன் கரைசலைப் பொலிஸ்ரைரீன் தட்டில் துளித்தால் தட்டு வெளுத்து மங்கும், கண்ணாடியோ பொலிபுரப்பிலீன் குழாயோ நல்லது. நீர் கலந்த எப்டிஏயை அடுத்த நாளுக்கு வைக்கவே கூடாது, தானாகவே நீர்ப்பகுப்படைந்து பின்புலம் முழுக்கப் பச்சையாகும்.

ஒளிர்வு நுணுக்குக்காட்டியே இல்லாதவர்கள் எவன்ஸ் நீலம் 0.25 வீதத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து நன்றாகக் கழுவினால் செத்த கலம் சாதாரண ஒளியிலேயே நீலமாகத் தெரியும். அதற்காக ஒருவரும் வெட்கப்படத் தேவையில்லை.

சோடியம்: கேள்விக்கு நேராகப் போகும் சாயம்

ஏ.ரி. 354 எப்படித் தாங்குகிறது என்ற கேள்வியின் நடு இதுதான். சோடியத்தை உள்ளே விடாமல் தடுக்கிறதா, அல்லது உள்ளே வந்ததைக் கலத்தின் நடுவிலுள்ள நீர்ப்பையான புன்வெற்றிடத்தில் அடைத்து வைக்கிறதா? இதற்கு நீலக் கட்டையோடு சரிவரும் சாயம் கொரோனா கிறீன். வைரசோடு சம்பந்தம் இல்லை. உள்ளே இருக்கும் கிரௌன் ஈதர் வளையமும் சோடியத்தின் இரசாயனக் குறியீடான 'நா'வும் சேர்ந்த பெயர் அது. தூண்டல் 492, காலல் (வெளிவிடும் ஒளி) 516 நனோமீற்றர்.

தேர்வைத் தீர்மானிக்கும் எண் பிரிகை மாறிலி, அதாவது சாயத்தின் பாதி நிரம்பும் செறிவு. கொரோனா கிறீனுக்கு அது ஏறத்தாழ 80 மில்லிமோலார். சோடியம் கிறீன் என்ற மற்றச் சாயத்துக்கு, பொற்றாசியம் இருக்கும் சூழலில், ஏறத்தாழ 21 மில்லிமோலார். விலங்குக் கலத்தின் குழியவுருவில் சோடியம் பத்து, பதினைந்துக்குள் நிற்கும், அங்கே சோடியம் கிறீன் நல்லது. உவரில் நின்ற நெல்வேரின் புன்வெற்றிடத்தில் அதைவிடப் பல மடங்கு சேரும். 21ஐச் சுற்றி உணரும் சாயம் அங்கே நிரம்பி வழிந்து, 60க்கும் 120க்கும் வித்தியாசம் காட்டாது. இந்த இடத்தில் பிடிப்புத் தளர்ந்த சாயம்தான் வேண்டும். சாயம் வாங்கும்போது பிரிகை மாறிலியைப் பாராமல் பிரகாசத்தைப் பார்த்து வாங்குவது, தராசின் தட்டைப் பாராமல் அதன் பூச்சைப் பார்த்து வாங்குவது மாதிரி.

குறையும் உண்டு. இது ஒற்றை அலைநீளச் சாயம். சாயம் கூடுதலாக ஏறிய கலமும் சோடியம் கூடிய கலமும் ஒரே மாதிரித்தான் ஒளிரும். கலத்திலிருந்து ஒழுகவும் செய்யும். ஆகவே படத்திலிருந்து 'மில்லிமோலார்' என்று எழுதாதீர்கள். எவ்வளவு சோடியம் என்பதை அதே தொகுதி வேர்களைக் கழுவி, உலர்த்தி, அமிலத்தில் கரைத்துச் சுவாலை ஒளிமானியில் அளந்துகொள்ளுங்கள். அந்த மானி விவசாய ஆய்வுகூடங்களில் பழகிய பொருள். சாயத்தை, அந்தச் சோடியம் எந்தக் கலத்தில், கலத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதற்கு மட்டும் வையுங்கள். இந்த இரண்டும் சேர்ந்த ஆய்வு, சாயம் மட்டும் உள்ள ஆய்வை விட மலிவாகவும் பலமாகவும் நிற்கும். ஓடர் போடுமுன் முகவரிடம் கையிருப்பைக் கேட்பதும் நல்லது. சோடியச் சாயங்களுக்குச் சந்தை சிறியது, பட்டியலில் இருப்பதெல்லாம் கிடைப்பதில்லை.

டிசிஎப்எச்-டிஏ: எல்லோரும் வாங்குவது

தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் இனங்களை, சுருக்கமாக ஆர்ஓஎஸ்ஸை, அளக்கிறது என்று சொல்லப்படும் சாயம். மலிவு, நீலக் கட்டையோடு சரிவரும், படம் பளிச்சென்று வரும். உவரிட்ட வேர் பச்சையாக எரியும், கட்டுப்பாட்டு வேர் கறுப்பாக இருக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

உள்ளே நடப்பது வேறு. எஸ்ரறேசு வெட்டியபின் வரும் டிசிஎப்எச், ஐதரசன் பரவொட்சைட்டோடு நேரே தாக்கமுறுவது அற்பம். நடுவில் பரொட்சிடேசு நொதியமோ இரும்போ இருக்க வேண்டும். அதாவது உவர் பரொட்சிடேசைக் கூட்டினாலும் ஒளி கூடும், இரும்பு விடுபட்டாலும் ஒளி கூடும், பரவொட்சைட்டு மாறாமலே. மேலும், ஒட்சியேறும் வழியில் பிறக்கும் இடைநிலை மூலிகம் ஒட்சிசனோடு சேர்ந்து சுப்பரொட்சைட்டை உண்டாக்கும். அளக்க வந்த சாயம் அளக்கப்படும் பொருளைத் தானே தயாரிக்கிறது. 2022இல் நேச்சர் மெற்றபொலிசம் இதழில் பல ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலும், இந்த வகைச் சாயத்தை வைத்துக் குறித்த ஓர் இனத்தை அளந்தேன் என்று சொல்ல வேண்டாம் என்றே எச்சரிக்கிறது.

இருந்தும் கையில் இருக்கிறதென்றால், பிழையைக் கண்ணால் காணும் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். 4.9 மில்லிகிராமை 1 மில்லிலீற்றர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார், அதில் மில்லிலீற்றருக்கு 1 மைக்றோலீற்றர் விட்டால் 10 மைக்றோமோலார்.

முதல் சோதனைக்கு வேரே வேண்டாம். அதே வேலைக் கரைசலை ஒரு குழாயில் விட்டு, வேர்கள் ஊறும் 30 நிமிடமும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு துளியை நீலக் கட்டையில் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டியது. பச்சை மூட்டமாகத் தெரிந்தால் சாயம் கரைசலிலேயே ஒட்சியேறுகிறது, பெரும்பாலும் நீரிலுள்ள இரும்பால். கிணற்றுநீரை வெறுமனே வடிகட்டிப் பாவித்தால் இந்த மூட்டம் வரும். வடிகலனின் சூடாக்கியில் வெள்ளைச் சுண்ணாம்பு தடித்திருந்தால் அந்த வடிநீரையும் நம்ப வேண்டாம், அயன் நீக்கிய நீர் எடுங்கள். இரண்டாவது, ஒரே இடத்தை இரண்டு செக்கனுக்கு ஒன்றாக ஐந்து படம் எடுங்கள். ஒழுங்கான சாயம் ஒளிபட ஒளிபட மங்கும். டிசிஎப்எச் ஐந்தாவது படத்தில் முதலாவதை விடப் பிரகாசமாக இருந்தால், அந்த ஒளியை உண்டாக்கியது உவரல்ல, உங்கள் விளக்கு. மூன்றாவது, ஒட்சியேற்றத்தைத் தணிக்கும் அஸ்கோபேற்றில் (விற்றமின் சி), 10 மில்லிமோலாரில், முன்னூறிய உவர்வேர். ஒளி இறங்காவிட்டால் நீங்கள் பார்ப்பது ஒட்சியேற்றமே அல்ல. தூளையும் பாருங்கள், வெள்ளையாக இருக்க வேண்டும். பீச் நிறம் ஏறியிருந்தால் பழுது.

இதற்கு மாற்றாகப் பலர் டிஎச்ஈ என்ற சாயத்தை நினைப்பார்கள். பச்சைக் கட்டையில் சிவப்பாகத் தெரியும், சுப்பரொட்சைட்டுக்கு உரியது என்று பெயர். சுப்பரொட்சைட்டோடு வரும் விளைபொருளும், மற்ற ஒட்சியேற்றிகளோடு வரும் எதிடியமும் ஒரே சிவப்பில் கலந்துவிடும். எச்பிஎல்சியில் (திரவ நிறப்பகுப்பில்) பிரித்தால் ஒழியத் தெரியாது. போரனேற்றுச் சாயங்கள் பரவொட்சைட்டோடு நேரே தாக்கமுறும் என்பது உண்மை, ஆனால் மிக மெதுவாக. பரொட்சிநைத்திரைற்றோடு அதைவிடப் பல இலட்சம் மடங்கு வேகம். ஆகவே ஆர்ஓஎஸ் உங்கள் ஆய்வின் நடுக்கேள்வியாக இருந்தால், சாயத்தோடு நிற்காமல், பரவொட்சைட்டு உள்ள இடத்தைக் கபிலமாக்கும் டிஏபி சாயமிடலையும், கொழுப்பு ஒட்சியேறியதைக் காட்டும் மலோன்டயல்டிகைட்டு அளவீட்டையும் சேருங்கள். பக்கக் கேள்வி என்றால் இந்தச் செலவை விட்டுவிடலாம்.

பிஎச்: விகிதம் எடுக்க முடிந்தால் மட்டும்

விகிதச் சாயத்தின் பெருமை இதுதான். இரண்டு அலைநீளங்களில் எடுத்து ஒன்றை மற்றதால் வகுத்தால், கலத்தில் எவ்வளவு சாயம் ஏறியது, கலம் எவ்வளவு தடிப்பு, விளக்கு எவ்வளவு தளர்ந்தது எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது பிஎச். பிசிஈசிஎப் என்ற பிஎச் சாயம் 490, 440 இரண்டிலும் தூண்டப்பட்டு 535இல் பார்க்கப்படுகிறது. 440ஐ ஒட்டிய இடத்தில் அதன் ஒளி பிஎச்சோடு அநேகமாக மாறாது, 490இல் நன்றாக மாறும். நீல எல்ஈடி ஒன்று மட்டும் உள்ளவர்களுக்கு 440 இல்லை, ஆகவே அவர்களுக்குப் பிசிஈசிஎப் வெறும் இன்னொரு பச்சைச் சாயம். இரசவாவி விளக்கு உள்ளவர்கள் 436க்கான தூண்டல் வடிகட்டி ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். பழைய விளக்கு புதியதை வெல்லும் அரிய இடம் இது.

தாவரத்தில் ஒரு பொறி உண்டு. விலங்குக் கலத்தில் குழியவுருவில் தங்கும் பிசிஈசிஎப், வேர்க்கலத்தில் பெரும்பாலும் புன்வெற்றிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சாயத்தின் பிகேஏ, அதாவது அது மிகக் கூர்மையாக உணரும் பிஎச், ஏறத்தாழ 7. குழியவுரு 7.2 – 7.5இல் இருக்கும், புன்வெற்றிடம் 5.5ஐ ஒட்டி. அதாவது சாயம் தன் கூர்மையான எல்லைக்கு வெளியே வேலை செய்கிறது. எனவே புத்தகத்து வளைவைப் பாவிக்காமல், 50 மில்லிமோலார் அமோனியம் அசற்றேற்றுச் சேர்த்த தாங்கற்கரைசல்களை 5.2 முதல் 7.6 வரை ஐந்தாறு படிகளில் தயாரித்து, வேரிலேயே அளவுதிருத்தம் செய்யுங்கள். அளவுதிருத்தத்துக்குப் போகும் வேர்களும் சாயமும், பரிசோதனைக்குப் போவதற்குக் கிட்டத்தட்டச் சமமாக வரும் என்பதை ஓடரில் கணக்கிடுங்கள். ஆறு குப்பி வாங்கி ஆறையும் பரிசோதனைக்குச் செலவழித்துவிட்டு, கடைசியில் எண் போட முடியாமல் நிற்பது வழக்கமான கதை.

கலத்துக்கு வெளியே, வேரின் சுவரிடை வெளியில் பிஎச் எப்படி மாறுகிறது என்பது உங்களுக்குப் போதுமென்றால், பைரனீன் இருக்கிறது. மஞ்சள் ஹைலைற்றர் பேனையில் ஒளிர்வதும் பெரும்பாலும் அதுதான். நீரில் கரையும், அறை வெப்பத்தில் கெடாது, கிராம் கணக்கில் மலிவாகக் கிடைக்கும், 405க்கும் 458க்கும் விகிதம் எடுக்கலாம். கலத்துக்குள் போகாது. இங்கே அந்தக் குறையே அதன் நன்மை.

கல்சியமும் இழைமணியும், சுருக்கமாக

புளூவோ-4 நீலக் கட்டையில் அழகாக வேலை செய்யும், பிரிகை மாறிலி 345 நனோமோலார். ஆனால் உவர் பட்டவுடன் எழும் கல்சிய அலை செக்கன்களில் வந்து போய்விடும். 24 மணி நேரம் கழித்து எடுத்த ஒற்றைப் படம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நுணுக்குக்காட்டியின் கீழேயே உவர்க்கரைசலை மாற்றும் ஓட்ட அறை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். வேரை வெட்டும் காயமே ஒரு கல்சிய அலையை எழுப்பும் என்பது கூடுதல் தலையிடி. இழைமணியின் மின்னழுத்தத்துக்கு ஜேசி-1 விளம்பரத்தில் நிறைய வரும். பச்சையும் செம்மஞ்சளும் மாறுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நீரில் திரண்டு செம்மஞ்சள் ஊசிகளாகப் படிந்துவிடும். அதற்குப் பதில் 20 – 100 நனோமோலார் டிஎம்ஆர்எம் சாயம், கட்டுப்பாட்டுக்கு அந்த மின்னழுத்தத்தை அழிக்கும் எப்சிசிபி. அது அடக்கமான, நேர்மையான தேர்வு.

ஏஎம் எசுத்தர் வேருக்குள் போகாதபோது

கொரோனா கிறீன், பிசிஈசிஎப், புளூவோ-4 மூன்றுமே 'ஏஎம்' என்ற எசுத்தர் வடிவில் வரும். ஏற்றத்தை மறைத்து மென்சவ்வைக் கடக்கச் செய்யும் இந்த உத்தியும் றொஜர் சியெனுடையதுதான், 1981. விலங்குக் கலத்துக்காகச் செய்தது. தாவரத்தின் கலச்சுவரிலும் எஸ்ரறேசு இருக்கிறது என்பதால் சாயம் வாசலிலேயே வெட்டப்பட்டு உள்ளே போகாமல் சுவரில் நின்றுவிடும். அடையாளம் தெளிவு: கலங்களின் ஓரம் மட்டும் பச்சை வலை, நடுவில் கறுப்பு. பலர் அதை 'மென்சவ்வில் சோடியம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

தீர்வு குளிர். வேர்களைச் சாயத்தோடு 4 பாகையில் இரண்டு மணி நேரம் இருட்டில் வையுங்கள். சுவர் நொதியம் அங்கே மந்தமாகும், சாயம் வெட்டுப்படாமல் உள்ளே நுழையும். பிறகு கழுவி, சாயமில்லாத கரைசலில் 20 பாகையை ஒட்டி இன்னும் இரண்டு மணி நேரம் விட்டால் உள்ளே உள்ள நொதியம் வெட்டி முடிக்கும். கரண்ட் நிச்சயமில்லாத நாளில் குளிர்சாதனப் பெட்டியை நம்பாமல் ரிஜிபோம் பெட்டியில் உடைத்த ஐசும் நீரும் கலந்து வையுங்கள். முல்லைத்தீவுக் கரையில் மீனுக்குப் போடும் அதே ஐஸ் போதும். ஐசில் உப்பு மட்டும் சேர்க்கக் கூடாது, வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போய் வேர்நுனி உறைந்துவிடும்.

அளவு: 50 மைக்றோகிராம் புளூவோ-4 ஏஎம் குப்பிக்கு 45.6 மைக்றோலீற்றர் உலர்ந்த டிஎம்எஸ்ஓ விட்டால் 1 மில்லிமோலார். சாயம் நீரில் திரளாமல் பரவ உதவும் புளூரோனிக் எப்-127இன் 20 வீதக் கரைசலைச் சம அளவு கலந்து, பிறகு தாங்கற்கரைசலில் விட்டுச் சாயம் 5 மைக்றோமோலார் ஆக்குங்கள். மற்ற ஏஎம் சாயங்களுக்கும் இதே வழி, குப்பியில் உள்ள மூலக்கூற்று நிறையைப் பார்த்துக் கணக்கிடுங்கள். கரைசலில் ஒளிரும் புள்ளிகள் மிதந்தால் புளூரோனிக் சரியாகக் கலக்கவில்லை. புளூரோனிக் அறையில் கட்டியாக நின்றால் 40 பாகை நீரில் குப்பியை வைத்துத் தெளியவிடுங்கள்.

கொழும்பிலிருந்து வரும் வழியும் பிரீஸரும்

கொழும்பிலிருந்து நெடுந்தூரம் தரைவழியாக வரும் பொதியில் உலர் ஐஸ் வந்து சேரும்போது காற்றாகியிருக்கும். கரைசலாக விற்கும் சாயத்தைத் தவிர்த்து, உலர்ந்த சிறு குப்பிகளாக, 50 மைக்றோகிராம் வீதம், வாங்குங்கள். உலர்ந்த ஏஎம் சாயம் இரண்டு மூன்று நாள் வெயில் வழியைத் தாங்கும், கரைத்தது தாங்காது. குப்பியின் எதிரி வெப்பத்தை விட ஈரம். காலபோக மழைக்காலத்தில் −20 பாகைப் பிரீஸரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால், உள்ளே பனித்துளி படிந்து எசுத்தர் அன்றே வெட்டுப்படத் தொடங்கும். சிலிக்கா ஜெல் உள்ள பெட்டியில் இருபது நிமிடம் வைத்து, குப்பியின் வெளிப்பக்கம் வியர்ப்பது நின்ற பிறகே திறவுங்கள். கரைத்ததை 5 மைக்றோலீற்றர் பங்குகளாகப் பிரித்து, ஒளி படாமல் அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். ஒரு பங்கு ஒரு நாளுக்கு, மீதியைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். குப்பிகளை வாய் அகன்ற தேமோசில், உறைந்த ஜெல் பைகளுக்கு நடுவில் வைத்துப் பிரீஸரின் நடுத்தட்டில் வைத்தால் சில மணி நேரக் கரண்ட் தடைக்குப் பயப்படத் தேவையில்லை.

மரபணுவில் எழுதிய உணரிகளும் உண்டு: பரவொட்சைட்டுக்கு ஹைப்பர், ஒட்சியேற்றச் சமநிலைக்கு ரோஜிஎப்பி. விகிதம் தரும், குழியவுருவையும் புன்வெற்றிடத்தையும் பிரித்துக் காட்டும், ஒழுகாது. எல்லாவற்றிலும் சிறந்தவை இவைதான். ஆனால் மரபணு மாற்றிய நெல்லை உருவாக்கி, அனுமதி பெற்று, அடைப்புள்ள இடத்தில் வளர்த்து, இரண்டாம் தலைமுறை விதை எடுப்பதற்குள் இறுதியாண்டு முடிந்து பட்டமும் வாங்கியிருப்பார்கள். இரண்டு, மூன்று வருட முதுதத்துவமாணி ஆய்வுக்கு யோசிக்கலாம்.

எதை வாங்குவது

நீல, பச்சைக் கட்டைகளும் எல்ஈடி விளக்கும் உள்ளவர், ஆறு மாத ஆய்வு என்றால்: எப்டிஏ, பிஐ, கொரோனா கிறீன் ஏஎம், புளூரோனிக். மிச்சக் காசு சுவாலை ஒளிமானி அளவீட்டுக்கும் அயன் நீக்கிய நீருக்கும். இரசவாவி விளக்கு உள்ளவர், கேள்வியைப் புன்வெற்றிட அமிலத்தன்மைக்குத் திருப்பிப் பிசிஈசிஎப் ஏஎம்மும் 436 வடிகட்டியும் வாங்கினால், எண் போட்ட முடிவு கிடைக்கும்.  காசு மிகக் குறைவு என்றால் எப்டிஏ, பிஐ, பைரனீன் மூன்றும் போதும், வருடக்கணக்கில் காணும். வேறிடத்துக் கொன்போக்கலில் ஒரு நாள் நேரம் கிடைத்தால், சாயமிட்ட வேரைப் பஸ்ஸில் கொண்டு போகாதீர்கள். ஈரத்தாளில் முளைவிதைகளைச் சுற்றி, ரிஜிபோம் பெட்டியில் கொண்டுபோய், அங்கே வைத்துச் சாயமிடுங்கள்.

எந்தச் சாயமானாலும் கமராவின் தானியங்கி வெளிச்சத் திருத்தத்தை முதல் வேலையாக அணைத்து, கட்டுப்பாட்டு வேரிலும் உவர்வேரிலும் அதே 150 மில்லிசெக்கன், அதே பெருக்கம் என்று வைத்து, ரிப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் படத்தில் அளந்த பிரகாசத்தைப் பரீட்சகர் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார். ஓடர் படிவத்தில் சாயத்தின் பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இருக்கிறதா என்பதையும் இன்னொரு தரம் பாருங்கள். அந்த இரண்டு எழுத்து இல்லாத குப்பி கலத்துக்குள் போகாது, முகவர் திருப்பி எடுக்கவும் மாட்டார்.